மணிக்கட்டு நொறுங்கினால்: சிக்கலான முறிவுக்கு அறுவை சிகிச்சை, படிப்படியாக

கால் இடறினால் கை தானாக முன்னே நீளும். உள்ளங்கை தரையில் ஊன்றும் அந்த நொடியில் உடலின் எடை முழுவதும் ஆர எலும்பின் நுனியில் இறங்குகிறது. மருத்துவர்கள் ரேடியஸ் என்று சொல்லும் இந்த எலும்பு முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. பேச்சுவழக்கில் மணிக்கட்டு முறிவு என்று சொல்வதில் பெரும்பாலானவை ரேடியஸின் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிகழ்பவை.

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு அந்த எலும்பு ஒரே கோடாக ஒடிந்து புறங்கைப் பக்கம் சாயலாம். பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்ட 25 வயதுக்காரருக்கு மூட்டின் மேற்பரப்பே ஐந்தாறு துண்டாகச் சிதறலாம். சிக்கலான முறிவு என்று இங்கே சொல்வது இந்த இரண்டாவது வகையை: முறிவுக் கோடு மூட்டுக்குள் இறங்கியிருக்கும், துண்டுகள் பலவாக இருக்கும், சில துண்டுகள் உள்ளே அமுங்கியோ திரும்பியோ இருக்கும். கூடவே அல்னாவின் நுனி, மணிக்கட்டின் சிற்றெலும்புகளை இணைக்கும் நார்கள், கட்டைவிரல் பக்க விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு ஆகியவையும் அடிபட்டிருக்கலாம்.

டப்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் இந்த முறிவைப் பற்றி எழுதியபோது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. கோணல் ஆயுள் முழுக்க இருக்கும், ஆனால் நாளடைவில் வலி போய் அசைவு திரும்பிவிடும் என்றார் அவர். மூட்டுக்கு வெளியே ஒடிந்த முதியவர் கைக்கு அது இன்றைக்கும் ஓரளவு பொருந்துகிறது. மூட்டுக்குள் நொறுங்கிய இளைஞர் கைக்குப் பொருந்தாது. அங்கே 2 மில்லிமீட்டர் மேடுபள்ளம் நின்றுவிட்டாலே பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1986இல் நெர்க், ஜூப்பிட்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த 2 மில்லிமீட்டரைச் சரிசெய்யத்தான் இத்தனை ஏற்பாடும்.

விழுந்த அன்று

முதலில் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழிந்தால் வீக்கத்தில் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கையை இருக்கும் நிலையிலேயே மடித்த செய்தித்தாள் அல்லது அட்டை மேல் வைத்துத் தளர்வாகக் கட்டி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். எண்ணெய் தேய்ப்பது, நீவுவது, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். வீங்கும் கையைச் சுற்றி இறுக்கமான கட்டு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு இரத்தம் போவது தடைபடும். எலும்பு முறிவைச் சரிசெய்துவிடலாம்; செத்த தசையை மீட்க முடியாது.

மருத்துவமனையில் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்ரே இல்லை, நரம்பும் தோலும்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருக்கின்றனவா, அந்த மரப்பு மணிக்கு மணி கூடுகிறதா என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். அடிபட்ட உடனே இலேசாக மரத்து அப்படியே நிற்பது நரம்பு நசுங்கியதால் இருக்கலாம்; காத்திருந்து பார்க்கலாம். முதலில் நன்றாக இருந்து, பிறகு வலியோடு மரப்பு ஏறிக்கொண்டே போனால் மீடியன் நரம்பு மணிக்கட்டைக் கடக்கும் குறுகிய வழியான மணிக்கட்டுச் சுரங்கத்தில் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். எலும்பை இழுத்து நேராக்கியும் அது குறையவில்லை என்றால் அன்றே சுரங்கத்தைத் திறந்துவிட வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் ஆன்டிபயாட்டிக் ஊசியை ஒரு மணி நேரத்துக்குள் போட்டு, டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டு, அறுவை அரங்கில் கழுவ வேண்டும்.

மற்றவர்களுக்கு, முறிந்த இடத்தில் தேங்கிய இரத்தத்துக்குள்ளேயே 1% லிக்னோகெய்ன் சுமார் 10 மில்லி செலுத்தி மரக்கச் செய்து, விரல்களைப் பிடித்துச் சில நிமிடங்கள் நிதானமாக இழுத்து நேராக்குவார்கள். அறுவை சிகிச்சை உறுதி என்று தெரிந்தாலும் இதைச் செய்வது நல்லது. வலி குறையும், நரம்பின் மேல் அழுத்தம் இறங்கும், அதன்பின் எடுக்கும் சிடி ஸ்கேனில் துண்டுகள் பிரித்தறியும்படி தெரியும். பின் முழு மாவுக்கட்டு போடாமல் ஒரு பக்கத் தாங்கு கட்டு மட்டும். அது உள்ளங்கை மடிப்புக் கோட்டைத் தாண்டி வந்து விரல் மடிவதைத் தடுக்கக் கூடாது. மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் முழுக்க வளைத்துக் கட்டுவது பழைய பழக்கம். அந்த நிலையில் மீடியன் நரம்பு நெரிபடுகிறது என்று தெரிந்தும் சில இடங்களில் அது தொடர்கிறது.

கத்தி வேண்டுமா என்பதை முடிவு செய்யும் அளவுகள்

இயல்பான ரேடியஸின் மூட்டு மேற்பரப்பு உள்ளங்கைப் பக்கம் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். நேராகப் பார்த்தால் கட்டைவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் சுமார் 22 டிகிரி இறங்கும். ரேடியஸின் கொம்பு போன்ற நுனி மூட்டின் மறுமுனையைவிட 11, 12 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ரேடியஸும் அல்னாவும் மூட்டருகே ஏறத்தாழ சம உயரத்தில் முடியும். ஆளுக்கு ஆள் இவை மாறுவதால், நல்ல கையையும் ஒரு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவது சிறந்தது.

இழுத்து நேராக்கிய பிறகும் ரேடியஸ் 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகவோ, புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்தோ, மூட்டு மேற்பரப்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் பிசகியோ இருந்தால் அறுவை சிகிச்சையைப் பேச வேண்டும். இவை அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலில் உள்ள எல்லைகள். பிற நாடுகளிலும் இவற்றை ஒட்டியே முடிவெடுக்கிறார்கள்.

முதல் எக்ஸ்ரேயில் நேராகத் தெரிந்தாலும் பின்னர் சரிந்துவிடும் முறிவுகள் உண்டு. தொடக்கத்திலேயே 20 டிகிரிக்கு மேல் பின்சாய்வு, புறங்கைப் பக்கச் சுவர் நொறுங்கியிருப்பது, மூட்டுக்குள் கோடு, அல்னாவும் ஒடிந்திருப்பது, வயது 60க்கு மேல் என்ற ஐந்தில் மூன்று இருந்தால் மாவுக்கட்டுக்குள் சரியும் என்றே எதிர்பார்க்கலாம். எனவே மாவுக்கட்டு என்று முடிவானால் முதல் மூன்று வாரம் வாராவாரம் எக்ஸ்ரே தேவை.

வயதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களை வைத்து ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், எலும்பின் மேல் உலோகத் தகடு (பிளேட்) வைத்தவர்களின் எக்ஸ்ரே அழகாக இருந்தது, பிடிப்பு வலிமையும் கூடுதலாக இருந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் வலியிலும் அன்றாட வேலையிலும் மாவுக்கட்டு போட்டவர்களிடமிருந்து பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே வீட்டுக்குள் நடமாடும் 80 வயதுப் பெரியவருக்கு, படம் கோணலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கத்தி வைக்க வேண்டியதில்லை. அதே வயதில் தானே சமைத்து, கைத்தடி ஊன்றி, கடைக்குப் போய் வருபவர் என்றால் கணக்கு வேறு.

சிடி ஸ்கேனில் தேட வேண்டிய ஒரு சிறு துண்டு

மூட்டுக்குள் முறிந்திருந்தால் சிடி ஸ்கேன் இல்லாமல் அரங்குக்குள் போகக் கூடாது. எக்ஸ்ரே எத்தனை துண்டு என்பதைக் குறைத்தே காட்டும். திட்டமிட உதவுவது 1996இல் ரிக்லி, ரெகாட்ஸோனி முன்வைத்த மூன்று தூண் கணக்கு. கட்டைவிரல் பக்கக் கொம்பு ஒரு தூண். லூனேட் என்ற சிற்றெலும்பு உட்காரும் நடுப்பகுதி இரண்டாவது தூண். அல்னா நுனியும் அதைப் பிடித்திருக்கும் குருத்தெலும்பு முக்கோணமும் மூன்றாவது. உள்ளங்கையிலிருந்து வரும் சுமையில் பெரும்பங்கு நடுத்தூண் வழியாக இறங்குகிறது.

அந்த நடுத்தூணின் உள்ளங்கைப் பக்க மூலைதான் மொத்த அறுவை சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. சில சமயம் அது 5 மில்லிமீட்டர் சில்லாகத்தான் இருக்கும். ஆனால் லூனேட்டை ரேடியஸோடு கட்டி வைத்திருக்கும் குட்டையான, வலுவான நார் அதில்தான் ஒட்டியிருக்கிறது. இதைப் பிடிக்காமல் விட்டால், மற்றத் துண்டுகள் எல்லாம் அச்சாகப் பொருந்தியிருந்தாலும், இரண்டாவது வாரம் மணிக்கட்டே அந்தச் சில்லோடு சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் வழுக்கிவிடும். வழக்கமான பிளேட்டின் விளிம்பு இந்த மூலை வரை எட்டாததால், சில்லு அதன் முன்னால் நழுவிப்போகும். அறுவைக்குப் பிறகு எடுத்த முதல் எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருந்து, பின்னர் நழுவிய கைகளில் காரணம் பெரும்பாலும் இந்த மூலைதான்.

ஆகவே பக்கவாட்டு வெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, இந்த மூலைத் துண்டு தனியாக இருக்கிறதா, எவ்வளவு நீளம், திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, லூனேட் இடித்து உள்ளே அமுக்கிய துண்டு. சுற்றிலும் எந்த நாரும் ஒட்டாததால் இழுப்பால் இது மேலே வராது. கீழிருந்து கருவியால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். மூன்றாவதாக, புறங்கைப் பக்க அல்னா மூலை. இது பெரிதாக இருந்தால் ரேடியஸ், அல்னா இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு மூட்டு இடம் பெயரும்.

எப்போது, எதைக் கொண்டு

மூட்டுக்குள் முறிந்ததை 72 மணி நேரத்துக்குள்ளும் மூட்டுக்கு வெளியே முறிந்ததை 7 நாளுக்குள்ளும் செய்வது பிரிட்டன் எலும்பு மருத்துவர் சங்கத்தின் அளவுகோல். வீக்கமும் தோல் கொப்புளமும் இருந்தால் சில நாள் தள்ளலாம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் துண்டுகளுக்கு நடுவே புது எலும்பு ஊறத் தொடங்கும். மூன்று வாரமானால் அதைச் சுரண்டி எடுத்துத்தான் துண்டுகளைப் பிரிக்க முடியும். நாட்டுக் கட்டு போட்டு ஒரு மாதம் கழித்து வருபவருக்குச் செய்யும் அறுவை வேறு விதமானது: சேர்ந்த எலும்பை வெட்டித் திருத்த வேண்டும், இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைக்கவும் நேரலாம்.

கருவியைத் தேர்வதில் விலையுயர்ந்ததே சிறந்தது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கே-ஒயர் என்பது 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி. பிரிட்டனில் 461 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், வெளியிலிருந்து இழுத்தே மூட்டைச் சீராக்க முடிந்த முறிவுகளுக்குக் கே-ஒயரும் பிளேட்டும் ஓராண்டில் ஒரே பலனைத்தான் தந்தன. மூட்டைத் திறந்தே ஆக வேண்டிய முறிவுகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த இடத்தில் கம்பி மட்டும் போதாது.

உள்ளங்கைப் பக்கம் வைக்கும் லாக்கிங் பிளேட்தான் இன்றைக்கு முதன்மைக் கருவி. இதில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருக்கும். அது பிளேட்டோடு பூட்டிக்கொள்வதால் எலும்பு மெலிந்திருந்தாலும் ஸ்க்ரூ ஆடாது. மூட்டுக்கு அடியில் வரிசையாக நிற்கும் ஸ்க்ரூக்கள், கூரையைத் தாங்கும் உத்தரங்கள் போல மேற்பரப்பைத் தாங்கும். இதனாலேயே எலும்புத் தூள் நிரப்புவது முன்புபோல அடிக்கடி தேவைப்படுவதில்லை.

மூலைச் சில்லு தனியாக இருந்தால் கொக்கி வைத்த சிறு பிளேட்டோ, வளைத்த கம்பியோ, விளிம்புவரை நீளும் தனி வடிவ பிளேட்டோ தேவை. இவை கையில் இருக்கின்றனவா என்பதை முதல் நாளே உறுதி செய்ய வேண்டும். கீறிய பிறகு தேடக் கூடாது. புறங்கைப் பக்கத் துண்டு முதன்மையாக இருந்தால் புறங்கைப் பக்கமிருந்து மூன்றாவது, நான்காவது தசைநாண் அறைகளுக்கு நடுவே நுழைய வேண்டும்.

பிடிக்க இடமே இல்லாமல் தூளாகிப்போனால் பாலப் பிளேட். இது ரேடியஸ் தண்டிலிருந்து மூட்டைத் தாண்டி இரண்டாவது அல்லது மூன்றாவது உள்ளங்கை எலும்பு வரை புறங்கைப் பக்கம் ஓடும். மணிக்கட்டு மூன்று மாதம் அசையாது. பிறகு பிளேட்டை எடுத்துவிட்டு அசைக்கத் தொடங்கலாம். காலும் ஒடிந்து, கையூன்றி எழ வேண்டியவருக்கு இது பெரிய உதவி. தோலுக்கு வெளியே நின்று எலும்பை இழுத்துப் பிடிக்கும் வெளிச்சட்டம் இன்று பெரும்பாலும் தோல் கிழிந்து அழுக்கேறிய காயங்களுக்குத் தற்காலிகமாகத்தான். சட்டத்தைப் பூட்டியதும் விரல்களை முழுக்க மடக்கிப் பார்க்க வேண்டும். மடியவில்லை என்றால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது, தளர்த்த வேண்டும்.

அரங்குக்குள்: உள்ளங்கைப் பக்க பிளேட், ஒவ்வொரு படியாக

மயக்கம் பெரும்பாலும் கைக்கு மட்டும். காறை எலும்புக்கு மேலோ அக்குளிலோ அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்புக் கொத்தைச் சுற்றி மருந்து செலுத்துவார்கள். கை பல மணி நேரம் மரத்திருக்கும். கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், கைக்கு இரத்தம் போவதை நிறுத்தும் டூர்னிகே பட்டையில் காற்றேற்றும் முன்பாகவே, செஃபசோலின் போன்ற ஆன்டிபயாட்டிக் இரத்தக் குழாய் வழியாகப் போயிருக்க வேண்டும். பட்டை ஏறிய பின் போட்டால் மருந்து கைக்குப் போகாது. பெரியவர்களுக்கு வழக்கமான அழுத்தம் 250 மில்லிமீட்டர் பாதரசம்; இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும்.

கை ஒளி ஊடுருவும் பலகை மேல், உள்ளங்கை மேல்நோக்கி. கீறலுக்கு முன்பே, அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியை உள்ளே தள்ளி, நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் தடையில்லாமல் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டை வளைக்கும்போது துருத்தித் தெரியும் தசைநாண் ஒன்று கட்டைவிரல் பக்கம் இருக்கிறது. அதன் மேலேயே 7, 8 சென்டிமீட்டர் நேர்க்கீறல். மணிக்கட்டு மடிப்புக் கோட்டில் நிற்க வேண்டும். உறையைத் திறந்து தசைநாணைச் சுண்டுவிரல் பக்கம் ஒதுக்கினால், அது மீடியன் நரம்புக்கு முன்னால் ஒரு திரை போல நிற்கும். கட்டைவிரல் பக்கத்தில் இரத்தக் குழாய். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வழிதான் பாதுகாப்பான வழி. உள்ளங்கைத் தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புக் கிளை தசைநாணின் சுண்டுவிரல் பக்கம் ஓடுகிறது. அந்தப் பக்கம் கத்தி நகர்ந்தால் பின்னர் உள்ளங்கை அடிப்பகுதியில் தீராத எரிச்சல்.

உறையின் அடித்தளத்தைத் திறந்து, கட்டைவிரலை மடக்கும் தசையை ஒதுக்கினால் எலும்பின் மேல் குறுக்காகப் படிந்த சதுரத் தசை தெரியும். அதைக் கட்டைவிரல் பக்க விளிம்பில் எல் வடிவில் வெட்டி எலும்பிலிருந்து உரித்து எடுக்க வேண்டும். முடிக்கும்போது இதைத் தைத்தாலும் தைக்காவிட்டாலும் கையின் செயல்பாட்டில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆனாலும் பிளேட்டுக்கும் தசைநாணுக்கும் நடுவே ஒரு மெத்தை கிடைக்குமே என்று பலர் தைக்கிறார்கள். கொம்புத் துண்டை மேலே இழுத்துக்கொண்டிருப்பது முழங்கையிலிருந்து வரும் ஒரு தசை. அதன் ஒட்டை விடுவித்ததும் இழுப்பு தளரும். கவனம்: உள்ளங்கைப் பக்கமிருந்து மூட்டுக்குள் எட்டிப் பார்க்க நார்களை வெட்டக் கூடாது. வெட்டினால் மணிக்கட்டே நிலைகுலையும். உள்ளே பார்த்தே ஆக வேண்டுமென்றால் புறங்கைப் பக்கத் துளை வழியாக நுண்கேமரா விடலாம்.

இனி துண்டுகள். ஒழுங்கு முக்கியம்: முதலில் உள்ளங்கைப் பக்க மூலை. இங்கே சுவர் கனமாக இருப்பதால் முறிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துவது கண்ணுக்கே தெரியும். இதை நிலையாக்கிய பிறகு, முறிவு வாய் வழியாகத் தட்டையான கருவியைச் செலுத்தி அமுங்கிய துண்டை மேலே தள்ள வேண்டும். மேலே இருக்கும் லூனேட்டே அச்சாக உதவும். அதன்பின் கொம்பு, அதன் நுனியிலிருந்து ஒரு கே-ஒயர் சாய்வாக ஏற்றித் தற்காலிகமாக நிறுத்தலாம். எதையும் நிரந்தரமாகப் பூட்டும் முன் சி-ஆர்மில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிளேட்டை வைத்து, தண்டுப் பகுதியிலுள்ள நீள்வட்டத் துளையில் முதல் ஸ்க்ரூ. துளை நீளமாக இருப்பதால் பிளேட்டை மேலும் கீழும் சில மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்யலாம். பிளேட்டின் முன்விளிம்பு எலும்பு நுனியில் மிக மேடாக ஓடும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அதன் மேல் உரசும். விளிம்புவரை நீளும் பிளேட் வேண்டுமென்றே தாண்டுகிறது. அதை எலும்பு கூடியதும் எடுத்துவிட வேண்டும் என்று நோயாளியிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

பின்சாய்வு மட்டும் திரும்ப மறுத்தால் ஒரு நல்ல உத்தி உண்டு. பிளேட்டை முதலில் நுனித் துண்டில் பூட்டுங்கள், தண்டுப் பக்கம் எலும்பிலிருந்து விலகி நிற்கும். பிறகு தண்டோடு பிளேட்டை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போட்டால் நுனி தானாக முன்சாய்வுக்கு வரும்.

நுனி ஸ்க்ரூக்கள் மூட்டின் தரைக்கு மிக அருகில், ஆனால் உள்ளே போகாமல் இருக்க வேண்டும். நீளத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அளவுகோல் 22 மில்லிமீட்டர் காட்டினால் 20 போடுங்கள், 24 வேண்டாம். புறங்கைப் பக்கச் சுவர் வரையிலான தூரத்தில் முக்கால் பங்கு எட்டினாலே தாங்கும் வலிமை போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிர்ச்சுவரைத் துளைத்து எட்டிப் பார்க்கும் ஸ்க்ரூ முனை, கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாணைக் கயிறுபோல அறுத்துவிடும்.

தைக்கும் முன் மூன்று சோதனை

சாதாரணப் பக்கவாட்டுப் படத்தில் மூட்டுக்குள் போன ஸ்க்ரூவும் வெளியே இருப்பதும் ஒன்றுபோலத் தெரியும். முன்கையை மேசையிலிருந்து 20 டிகிரி அளவுக்கு உயர்த்தி எடுத்தால் மூட்டுத் தரை ஒரே கோடாகி, உண்மை தெரியும். இரண்டாவது, மணிக்கட்டை முழுக்க மடக்கி, எலும்பின் புறங்கைப் பக்க விளிம்பை வானவிளிம்பு போலக் காட்டும் படம். நீண்ட ஸ்க்ரூ அதில் மாட்டிக்கொள்ளும். புறங்கைப் பக்கம் நடுவில் ஒரு புடைப்பு இருப்பதால் இந்தப் படம் இல்லாமல் நீள ஸ்க்ரூவைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு நிமிட வேலை இது; சோம்பல்பட்டால் விலை அதிகம்.

மூன்றாவது, ரேடியஸ் உறுதியான பிறகு அல்னாவின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது. மறுகையோடு ஒப்பிட்டு ஆட்டம் அதிகமில்லை என்றால் அல்னாவின் சிறு கூர்நுனி ஒடிந்திருந்தாலும் அப்படியே விடலாம். தெளிவாகக் கழன்று ஆடினால் அதைக் கம்பியால் கட்டவோ, உள்ளங்கை மேல்நோக்கிய நிலையில் நான்கிலிருந்து ஆறு வாரம் நிறுத்தி வைக்கவோ வேண்டும். ஸ்கேஃபாய்டு என்ற சிற்றெலும்புக்கும் லூனேட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அங்கே நாரும் அறுந்திருக்கலாம்.

விரல்கள் அன்றைக்கே அசைய வேண்டும்

நரம்பு மரப்பு தெளியும்போது வலி ஒரேயடியாக ஏறும். அதற்குக் காத்திருக்காமல் விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தொடங்கியதும் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டுவிடுங்கள். கை தலையணை மேல், இதயத்தைவிட உயரமாக இருக்கட்டும். தூளியில் தொங்கப்போட்டு நாள் முழுக்க நடந்தால் விரல் வீங்கும், தோளும் இறுகும்.

மரப்பு தெளிந்த நேரத்திலிருந்து, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துப் பத்து முறை: விரல்களை நேராக நீட்டுவது, அடி மூட்டில் மட்டும் மடக்கி மேசைபோல் ஆக்குவது, கொக்கிபோல மடக்குவது, முழு முஷ்டி, விரல்களை அகட்டிச் சேர்ப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. முழங்கை, தோள் அசைவும் சேர்த்து. இந்த அறுவையில் நன்றாக வைத்த பிளேட்டைக்கூட வீணாக்கக் கூடியது இறுகிய விரல்கள்தான். கட்டு அவிழ்க்கட்டும், பிறகு அசைக்கலாம் என்று இருந்தால் அதற்குள் மூட்டு உறைந்துவிடும்.

10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். பிடிப்பு உறுதியாக இருந்தால் அப்போதே கழற்றி மாட்டும் பட்டைக்கு மாறி, மணிக்கட்டை மெதுவாக அசைக்கத் தொடங்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவதை விட்டுவிடாதீர்கள். கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு இது மிக முக்கியம். உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பாவிட்டால் கவளம் வாய்க்கு வராது. காயம் ஆறிய பிறகு தழும்பை எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் அழுத்தி நீவுவது தசைநாண் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். முறிந்த அன்று நீவல் கூடாது, இப்போது வேண்டும்.

ஆறு வாரம் வரை ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். சட்டை பித்தான், சோறு பிசைவது, போன் பிடிப்பது எல்லாம் செய்யலாம். ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவது தெரிந்தால் பந்து அழுத்துவது, துணி பிழிவது போன்ற வலுப்பயிற்சி தொடங்கும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், தரையில் உட்கார்ந்து கையூன்றி எழுவது ஆகியவை மூன்று மாதத்துக்குப் பிறகு. உள்ளங்கையை ஊன்றி எழும்போது உடல் எடையே மணிக்கட்டில் இறங்குகிறது. எத்தனையோ பேர் இதை ஒரு சுமையாகவே நினைப்பதில்லை. பிரேக்கைத் தயங்காமல் இறுக்கிப் பிடிக்க முடியும்வரை பைக் வேண்டாம். ஓராண்டு வரை பிடிப்பும் அசைவும் கூடிக்கொண்டே வரும்.

கெட்டுப்போகும் இடங்கள்

மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி, விரலை நீட்டினால் உயிர் போவது போன்ற வலி: அன்று இரவே போக வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது. காயத்தில் சீழ், காய்ச்சல் என்றாலும் தாமதிக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில வாரங்களில் கை முழுக்க எரிச்சல், பளபளத்த தோல், வியர்வை, தொட்டாலே வலி என்று வந்தால் அது வலி நரம்புகள் தாறுமாறாகும் கோளாறு. சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சியும் மருந்தும் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும். இதைத் தடுக்க வைட்டமின் சி தினமும் 500 மில்லிகிராம், 50 நாள் என்ற பரிந்துரை 1999இல் வந்த நெதர்லாந்து ஆய்விலிருந்து பரவியது. பின்னாளில் வந்த ஆய்வுகள் அதை ஒருமித்து ஆதரிக்கவில்லை. தீங்கு குறைவு, செலவும் குறைவு என்பதால் சிலர் இன்னும் எழுதிக்கொடுக்கிறார்கள். அதை நம்பி விரல் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

உள்ளங்கையை மேசையில் வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க முடியவில்லை என்றால் நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறது. கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டில் நறநறப்போ உரசலோ தெரிந்தால் அறுவதற்கு முந்தைய எச்சரிக்கை அது. மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வரும். அறும்வரை விடாமல் பிளேட்டை எடுத்துவிட்டால் தசைநாண் தப்பும்.

50 வயதைக் கடந்தவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தால், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி சோதனையும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புவது பாதி சிகிச்சைதான். இடுப்பு முறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பாக மணிக்கட்டு முறிவது எலும்புத் தேய்வின் வழக்கமான வரிசை.

பிளேட்டை எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவில்லாமல் இருந்தால் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். உரசல், விளிம்பைத் தாண்டிய பிளேட், மூட்டுக்குள் எட்டும் ஸ்க்ரூ, தீராத தொற்று ஆகியவையே எடுப்பதற்குக் காரணம். எடுக்கும்போது ஸ்க்ரூ தலை வழுக்கிப்போவது உண்டு. ஆகவே முதல் அறுவையில் எந்த நிறுவனத்தின் பிளேட், என்ன அளவு என்று ஒட்டுச்சீட்டோடு வரும் டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். சரியான திருப்புளியைத் தேடி வைக்க அது உதவும். எடுத்த பின் ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை, ஏறத்தாழ ஆறு வாரம், பாரம் தூக்கக் கூடாது.